தேவரடியாரும் பயாதேரும்

தேவரடியார் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் நாட்டியம் இல்லை. தேவர் இருக்கிறார், அடியார் இருக்கிறார். ஆட்டமோ பாட்டோ சலங்கையோ எதுவும் இல்லை. பயாதேர் என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பிரித்தால் நாட்டியத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. ஆனால் இரண்டு சொற்களும் குறித்தது ஒரே பெண்ணைத்தான். சோழ மண்டலக் கரையில் ஏதோ ஒரு கோயிலில் பணிசெய்த ஒருத்தியை ஊர்க்காரர்கள் முதல் சொல்லால் அறிந்தார்கள். புதுச்சேரியிலிருந்து கப்பலேறி ஊர் திரும்பிய பிரெஞ்சுக்காரர்கள் அவளைப் பற்றி இரண்டாவது சொல்லால் எழுதினார்கள். இன்று முதல் சொல்லின் மிச்சம் குழந்தைகள் காதில் விழக்கூடாது என்று பெரியவர்கள் பதறும் வசை. இரண்டாவது சொல் பாரிஸிலும் மாஸ்கோவிலும் அரங்கு நிறையும் ஒரு பாலே நாடகத்தின் பெயர். இரண்டும் எங்கே பிறந்தன, எப்படி இவ்வளவு விலகிப் போயின என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அடியார். சைவத்தில் இதைவிட உயர்ந்த பட்டம் கிடையாது. சேக்கிழார் எழுதிய பெரியபுராணம் முழுக்க அடியார்களின் கதைதான். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதி, அரங்கேற்று காதையின் நாட்டியச் செய்திகளை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தவரின் பெயரே அடியார்க்கு நல்லார். அந்தச் சொல்லோடு தேவரைச் சேர்த்து ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள் என்றால், அவளுடைய தொழிலைச் சொல்ல அல்ல, அவள் யாரைச் சேர்ந்தவள் என்பதைச் சொல்லத்தான். வைணவக் கோயில்களில் இதற்கு நேரான சொல் எம்பெருமானடியார். பதியிலார், தேவனார் மகளார் என்றும் கல்வெட்டுகள் சொல்கின்றன. பெரியபுராணத்தில் சுந்தரர் மணந்த பரவையார் திருவாரூர் உருத்திர கணிகையர் குலத்தில் பிறந்தவர். சேக்கிழார் அதை மறைக்கவும் இல்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கும் தொனியும் அவரிடம் இல்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் கோயில் பெண்களை ஊர் ஊராகத் தொகுத்து ஆராய்ந்தவர் லெஸ்லி ஓர். 2000-இல் வெளியான அவருடைய நூல் காட்டும் சித்திரம் நம் திரைப்படங்கள் பழக்கிவிட்ட சித்திரத்தோடு ஒட்டவே ஒட்டாது. இந்தப் பெண்கள் கல்வெட்டில் ஏறியது பெரும்பாலும் கொடையாளிகளாக. விளக்கெரிக்கப் பொன் கொடுத்திருக்கிறார்கள், நிலம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பதிலுக்குக் கோயிலில் சில உரிமைகளையும் மரியாதைகளையும் பெற்றிருக்கிறார்கள். ஆடியவர் என்ற குறிப்பு வருவது அரிது. தேவதாசி என்ற சொல்லோ அதைவிட அரிது. இன்று நாம் அந்தக் காலத்துக்கும் சேர்த்துப் போட்டுப் புழங்கும் தேவதாசி என்ற பெயர் பரவலானது மிகப் பிற்பாடு, அறிஞர்களின் நூல்கள் வழியாகவும் நீதிமன்றம், சட்டமன்றம் வழியாகவும்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இராஜராஜன் தன் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1014-ஐ ஒட்டி, சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றினான். அந்தக் கல்வெட்டு அவர்களைத் தேவரடியார் என்றுகூடச் சொல்லவில்லை. தளிச்சேரிப் பெண்டுகள் என்கிறது. தளி என்றால் கோயில், சேரி என்றால் குடியிருப்பு. கோயிலைச் சேர்ந்த தெருவில் வாழும் பெண்கள் என்பதுதான் பொருள். இங்கேயும் சொல்லில் நாட்டியம் இல்லை, விலாசம் மட்டுமே இருக்கிறது. அந்த விலாசம் எவ்வளவு துல்லியம் தெரியுமா? எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு, அந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன. பெயருக்கு முன்னால் நக்கன் என்ற அடைமொழி. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்துபோனாலோ வேற்றூர் போனாலோ அவளுக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்யலாம். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்றும் விதி செய்திருக்கிறான். பணி நியமனம், ஊதியம், வாரிசு வேலை, அதற்கும் தகுதி நிபந்தனை. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வாசகங்கள் அந்நியமாக இருக்காது.

இனி பயாதேர். இதன் தாய்மொழி போர்ச்சுக்கீசியம். பைலார் என்றால் ஆடுதல். பைலதேய்ரா என்றால் ஆடுகிறவள். 1510-இல் கோவாவைப் பிடித்த போர்ச்சுக்கீசியர் அங்கே கோயில்களிலும் செல்வர் வீடுகளிலும் கண்ட பெண்களுக்குத் தங்கள் மொழியில் இருந்த சாதாரணச் சொல்லையே வைத்தார்கள். அவள் எந்தத் தெய்வத்தைச் சேர்ந்தவள், எந்த மானியத்தில் வாழ்ந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது ஆட்டம், அதுவே பெயராயிற்று. அதே போர்ச்சுக்கீசிய அரசு பின்னாளில் கோவாவில் இந்தப் பெண்களுக்கு எதிராகத் தடையாணைகளும் போட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொல்லை வாங்கி வாயில் போட்டு மென்று பயாதேர் ஆக்கினார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஐரோப்பா முழுக்க இது அசல் இந்தியச் சொல் என்று நம்பிவிட்டது. ஆங்கிலேயர் இந்தியாவில் புழங்கிய சொற்களைத் தொகுத்து யூலும் பர்னலும் 1886-இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஏதோ இந்தியச் சொல் போல எல்லோரும் எடுத்தாளும் இது உண்மையில் போர்ச்சுக்கீசியத்தின் பிரெஞ்சு உருவம் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியாவில் எந்த மொழியிலும் எந்தப் பெண்ணும் தன்னைப் பயாதேர் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஐரோப்பியர் கண்ணுக்கு இந்தியாவின் வாசனை மிகுந்த சொல்லாகத் தெரிந்ததில் இந்தியா ஒரு எழுத்துக்கூட இல்லை.

இந்த வெற்றுச் சொல்லை நிரப்பியவர்கள் கவிஞர்கள். இயற்கை ஆய்வாளர் பியர் சொன்னெரா புதுச்சேரிப் பக்கம் இருந்துவிட்டுப் போய் 1782-இல் தன் பயண நூலை வெளியிட்டார். ஒரு கணிகையின் உண்மை அன்பைச் சோதிக்கத் தேவேந்திரன் மனித உருவில் வந்த கதை ஒன்று அதில் உண்டு. அதில் தேவேந்திரன் பெயர் ‘ன்’ விகுதியோடு தமிழ் உச்சரிப்பில்தான் இருக்கிறது. கதை சொன்னவர் யாரோ நம்மூர்க்காரர். அதை எடுத்து ஜெர்மானியக் கவி கெதே 1797-இல் ‘கடவுளும் பயாதேரும்’ என்ற கதைப்பாடல் ஆக்கினார். இந்திரன் போய் மகாதேவன் வந்தான்; உடன்கட்டை ஏறத் தீயில் பாயும் பெண்ணைக் கடவுள் வானுலகுக்கு ஏற்றிச் செல்கிறான். 1830-இல் ஓபேர் இசையமைத்து ஏறத்தாழ இதே பெயரில் பாரிஸில் ஒரு இசைநாடகம் வந்தது. இதில் சொலோவே என்ற நாயகி பாடுவதில்லை. மற்றவர்கள் பாட, அவள் ஆடிக் காட்ட மட்டும் செய்வாள். ஆடியவர் அக்காலத்தின் பெரும் நட்சத்திரம் மரி தாலியோனி. சொல்லுக்குள் ஆட்டம் மட்டும் இருந்ததல்லவா, மேடையிலும் அப்படியே ஆயிற்று. பாடவும் படிக்கவும் பதம் பிடிக்கவும் தெரிந்த பெண்கள் எங்கே, வாய் திறக்காத இந்தப் பெண் எங்கே!

இந்த நேரத்தில்தான் நிஜப் பெண்கள் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தர்திவேல் என்ற பிரெஞ்சு வணிகர் கடலூருக்குப் பக்கத்தில் உள்ள திருவந்திபுரத்திலிருந்து ஐந்து ஆடல் பெண்களையும் மூன்று இசைக்காரர்களையும் ஒப்பந்தம் பேசிக் கூட்டிப் போனார். ஆண்டு 1838. திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயில் ஊர். கல்வெட்டு மரபுப்படி பார்த்தால் இவர்களுக்கு உரிய பெயர் எம்பெருமானடியார். பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அவர்கள் பெயர் தில்லே, அமனி, ரம்கூன், சௌந்திரூன், வெய்தூன் என்று வருகிறது. தில்லை, அம்மணி, ரங்கம், சௌந்தரம், வேதம் என்பவைதான் இப்படி ஆகியிருக்க வேண்டும். மூத்தவருக்கு 30 வயது. அம்மணிக்கு 18. கடைசியில் இருந்தது ஆறு வயதுச் சிறுமி. மன்னர் லூயி பிலிப்புக்கு முன் ஆடிவிட்டு, ஆகஸ்டில் பாரிஸ் வரியெத்தே அரங்கில் ஆடினார்கள்; அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி அரங்கம்.

கவிஞரும் விமர்சகருமான தெயோஃபில் கோத்தியே அரங்கேறும் முன்பே அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பக்கம் பக்கமாக எழுதினார். அவர் மனம் முழுக்க அம்மணிதான். ழான் ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணியின் ஆடல் நிலையை வெண்கலச் சிலையாகவே வார்த்தார். ஆட்டங்களில் ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு பெண் நிற்காமல் சுழல்வாள். சுழன்றபடியே நீண்ட மஸ்லின் துணி ஒன்றை மடித்தும் முடிந்தும் போவாள். நிற்கும்போது அந்தத் துணி ஒரு மரமாகவும் அதில் அமர்ந்த புறாக்களாகவும் ஆகியிருக்கும். பாரிஸ்காரர்கள் வியந்தார்கள். ஆனால் அவர்கள் காண வந்தது தாலியோனி ஆடிக் காட்டிய பயாதேர். நுனிக்காலில் நின்று காற்றில் மிதக்கும் வெள்ளை உடுப்புப் பெண். இங்கே வந்து நின்றவளோ தாளத்துக்கு முழுப் பாதமும் தரையில் அறைந்து, அரைமண்டியில் அமர்ந்து, கண்ணாலும் கையாலும் பேசுகிறவள். அசலைப் பார்த்த பிறகும் நகல் திருந்தவில்லை. சொல் அவர்களுடையது; அதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்கிறவர்களும் அவர்களே. திருவந்திபுரத்துப் பெண்கள் அந்தச் சொல்லுக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டார்கள், அவ்வளவுதான்.

அதன் பின் பயாதேருக்கு ஏறுமுகம். 1877-இல் மரியஸ் பெத்திபா புனித பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேற்றிய ‘லா பயாதேர்’ உலகப் பாலே மேடையின் பெரும் படைப்புகளில் ஒன்றாக நிலைத்துவிட்டது. மின்குஸ் இசை. நாயகி நிக்கியா கோயில் நாட்டியக்காரி. பூக்கூடைக்குள் ஒளித்து வைத்த பாம்பு தீண்டிச் சாகிறாள். காதலன் சொலோர் அபினி மயக்கத்தில் அவளுடைய நிழலைக் காண்கிறான். அந்த நிழல்களின் காட்சியில் 24 அல்லது 32 பெண்கள் வெள்ளை உடுப்பில் ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்கி வருவது பாலே ரசிகர்களுக்கு உயிர். அழகான காட்சிதான், மறுப்பதற்கில்லை. நிக்கியா என்று எந்தத் தாயும் இந்தியாவில் பெண்ணுக்குப் பெயர் வைத்ததில்லை என்பது வேறு விஷயம். 1921-இல் கால்மான் வியன்னாவில் ‘டி பயாதெரெ’ என்ற ஒப்பரெட்டாவும் போட்டார். பிரெஞ்சுத் துணிக்கடையில் இன்றும் பயாதேர் என்றால் குறுக்கே பல வண்ணக் கோடு ஓடும் துணி. கோயில் பெண் கடைசியில் ஒரு துணி ரகமாகவும் ஆகிவிட்டாள்.

இதே காலத்தில் இங்கே நடந்தது வேறு. 1817-இல் சென்னை மாகாணக் கோயில்களின் மேற்பார்வை கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் வாரியத்திடம் போயிற்று. 1855-இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுக்கு வந்தது. ஆட்டத்தையும் இசையையும் தாங்கிய பெரிய அரண்மனை மூடிக்கொண்டது. 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகளை வைத்து, சிறுமியைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டும் சடங்கை விபசாரத்துக்கு விற்பதாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. 1893-இல் நாட்டியக் கச்சேரிகளுக்குப் போக வேண்டாம் என்று சென்னையின் சமூகச் சீர்திருத்தக்காரர்கள் வைஸ்ராய்க்கும் ஆளுநருக்கும் விண்ணப்பம் கொடுத்தார்கள். நெல் பங்கும் நிலமும் நழுவிப்போன பெண் பணக்காரரை நம்பித்தான் வாழ வேண்டும் என்ற நிலை பலருக்கு வந்துவிட்டது. சொல்லும் கூடவே தேய்ந்தது. தேவரடியார் தேவடியார் ஆகி, தேவடியாள் ஆயிற்று. விகுதியைக் கவனியுங்கள். ‘ஆர்’ போய் ‘ஆள்’ வந்திருக்கிறது. தமிழில் ஒருவருடைய மரியாதை போய்விட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மலையாளத்திலும் இதே கதிதான், அங்கே தேவிடிச்சி.

சொல்லில் தெய்வம் இருந்ததால்தான் இவ்வளவு தூரம் விழுந்தது, உயரத்திலிருந்து விழுந்தால் அடி பலம் என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கூத்தி என்ற சொல்லைப் பாருங்கள். கூத்தாடுகிறவள் என்பதுதான் நேர்ப் பொருள். பைலதேய்ராவுக்கு அச்சு அசலான தமிழ். தெய்வமும் இல்லை, அடிமையும் இல்லை. அதுவும் வைப்பாட்டி என்ற பொருளுக்குத்தான் வந்து சேர்ந்தது. விறலி? சங்கப் பாட்டில் பாணனோடு வழி நடந்து, உள்ளத்து உணர்ச்சியை மெய்ப்பாட்டில் காட்டி ஆடியவள். விறல் என்ற வேர்ச்சொல்லுக்கு வெற்றி, வலிமை என்றெல்லாம் பொருள். அவள் பெயரைத் தாங்கிய விறலிவிடு தூது என்ற சிற்றிலக்கியம் பிற்காலத்தில் தாசி வீட்டில் பொருள் தொலைத்தவனின் கதையாகிவிட்டது. தமிழில் ஆடும் பெண்ணுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் சில நூற்றாண்டுகளில் அதே பள்ளத்தில் போய் விழுந்திருக்கிறது. குற்றம் பெயரில் இல்லை. பெயரைச் சொன்ன வாய்களில்தான். பயாதேர் தப்பித்ததற்கும் அதுவே காரணம். பாரிஸில் அந்தச் சொல்லுக்குரிய பெண் யாருக்கும் அண்டை வீட்டுக்காரி இல்லை. அவளோடு சொத்துத் தகராறு இல்லை, அவள் மகளைக் கட்டும் கேள்வி இல்லை, அவள் வீட்டுக்குப் போய்வந்த தன் கணவனை நினைத்துக் குமுறும் மனைவியும் இல்லை.

இந்தப் பெண்களையும் அவர்கள் பெயரையும் பற்றிய சண்டை இருபதாம் நூற்றாண்டில் சட்டமன்றம் வரை போனது. பொட்டுக் கட்டும் வழக்கத்துக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார், 1930-இல் மசோதா. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தேவதாசிக் குலத்தின் உள்ளிருந்து வந்தவர். 1936-இல் வெளியான ‘தாசிகளின் மோசவலை’ நாவலில் பார்த்ததையெல்லாம் போட்டு உடைத்தார். எதிர்ப்பக்கத்திலும் அதே குலத்துப் பெண்கள் இருந்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் சங்கம் கூடி, தேவதாசி என்பதும் விலைமகள் என்பதும் ஒன்றல்ல, சொல்லின் பொருளைத் திரிக்கிறீர்கள் என்று அரசுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். சொல்லாராய்ச்சியாகப் பார்த்தால் அவர்கள் வாதம் முழுக்கச் சரி. ஆனால் ஏழெட்டு வயதுக் குழந்தைக்குப் பொட்டுக் கட்டி, அவள் வாழ்க்கையைப் பிறர் முடிவு செய்யும் வழக்கத்தைச் சொல்லின் பழம்பொருள் காட்டிக் காப்பாற்ற முடியாது. 1947-இல் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது சரியே என்பதுதான் என் கருத்து. வழக்கம் போக வேண்டியது. பெண்களின் நிலமும் கலையும் சேர்ந்து கைமாறியதுதான் போகக்கூடாத வழியில் போனது.

அந்தக் கைமாற்றத்திலும் ஒரு பெயர் வேலை இருக்கிறது. 1930-களில் இந்தப் பெண்களின் ஆட்டத்துக்கு இருந்த சதிர், தாசியாட்டம் என்ற பெயர்கள் விலக்கப்பட்டு பரதநாட்டியம் என்ற பெயர் மியூசிக் அகாதெமி மேடை வழியாக நிலைபெற்றது. இதில் பரதர் இருக்கிறார், நாட்டியம் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஆடிக் காப்பாற்றிய பெண் இல்லை. இன்னொரு பக்கம் அந்தச் சமூகம் தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டது: இசை வேளாளர். இதில் தேவரும் இல்லை, அடிமையும் இல்லை, ஆட்டமும் இல்லை. இசையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, ஊரில் மதிப்புள்ள ஒரு குடிப்பெயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். எந்தச் சொற்களால் தங்கள் வீட்டுப் பெண்கள் காயப்பட்டார்களோ, அவை எதுவும் வராத பெயர்.

பாலே உலகிலும் இப்போது அந்தப் பழைய பெயர் உறுத்தத் தொடங்கியிருக்கிறது. 2024-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பெத்திபாவின் அசைவுகளையும் மின்குஸின் இசையையும் வைத்துக்கொண்டு, கதையை இந்தியாவிலிருந்து தூக்கிப் பழைய ஹாலிவுட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆட்டத்தில் ஒன்றும் குறையவில்லை. அந்த நாடகத்துக்கு இந்தியா எந்த அளவு தேவைப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நம் பக்கம் செய்யக்கூடிய காரியம் சிறியது. தஞ்சைக் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்களும், சுற்றுலாக் கூட்டத்துக்கு விளக்கம் சொல்கிறவர்களும் 400 தேவதாசிகள் என்று சொல்வதை விட்டுவிடலாம். கல்வெட்டில் அந்தச் சொல் இல்லை. தளிச்சேரிப் பெண்டுகள் என்று இருக்கிறது. அதன் கீழே ஒவ்வொருத்தியின் பெயரும் வீடும் சொந்த ஊரும் இருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் இரண்டாம் தொகுப்பில் அச்சாகியும் இருக்கிறது. ஒரு முறை எடுத்துப் படித்துவிட்டு, அதில் உள்ளபடியே சொல்லுங்கள்.